முட்டை குறையாத ஹோம் தியேட்டர்

நாமக்கல்லில் நான் வேலை பார்த்த டிவி, ஸ்பீக்கர் கடையில் டெமோ ரூமை எடுத்துவிட்டார்கள். சுவரில் ஒட்டியிருந்த கறுப்புத் துணியைக் கிழித்து, கார்ப்பெட்டைச் சுருட்டி, அந்த இடத்தில் ஏசி பெட்டிகளை அடுக்கியாகிவிட்டது என்று இப்போது அங்கே வேலை செய்யும் நித்யா போனில் சொன்னாள்.

"இப்பெல்லாம் யாருக்கா உக்காந்து கேட்டு வாங்கறாங்க? போன்லயே எத்தனை ஸ்டாருன்னு பாத்து வாங்கிக்கறாங்க" என்றவள், கூடவே எனக்கு ஒரு வேலையும் வைத்தாள். "நீங்க எப்புடிக்கா ஒரு செட்டைப் பாத்து எடுத்துக் குடுப்பீங்க? எழுதிக் குடுங்க. நாங்க தெரிஞ்சுக்கறோம்."

எழுதத் தடையில்லை. ஆனால் கடைசியாக நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த செட்டின் கதையை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் அது பாதி உண்மைதான். அந்தக் கதையிலிருந்து நான் இன்னும் தெளியவில்லை. இப்போதும் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது வானத்தில் பருந்து கத்தினால் என் கை தானாக ரிமோட்டைத் தேடுகிறது.

பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு, அந்தக் கடையில் பில் போடும் வேலைக்குத்தான் சேர்ந்தேன். ஆடியோ பிரிவைப் பார்த்துக்கொண்ட மேனேஜர் கோவிந்தராஜ் சார் ஒருநாள் கவுன்டர் பக்கம் வந்து, "இங்க யாராச்சும் பிசிக்ஸ் படிச்சவங்க இருக்கீங்களா சாமி?" என்று கேட்டார். கையைத் தூக்கினேன். தூக்கிய கையை இறக்குவதற்குள் டெமோ ரூமில் கொண்டுபோய் விட்டுவிட்டார். ரிட்டயர் ஆகும்வரை அங்கேயேதான் இருந்தேன். வெளிச்சம் புகாத அறை என்பதால் ஊரில் என் பெயர் 'இருட்டு ரூம் அக்கா' ஆகிவிட்டது. ஒருமுறை சந்தையில் பழைய வாடிக்கையாளர் ஒருவர் தன் மனைவியிடம், "இவங்களைத் தெரியாதா? இருட்டு ரூம்ல இருப்பாங்க. நானே ரெண்டு மூணு தடவை போயிருக்கேன்" என்று என்னை அறிமுகப்படுத்தினார். அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் கையிலிருந்த கத்தரிக்காயைத் தராசிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

தொழில் பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒயர் உரித்து விரலை வெட்டிக்கொண்டேன். பெட்டி தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்தால் எதுவும் வெடிக்காது, பாட்டின் அடிச்சத்தம் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகும் என்பதையும் அப்போதுதான் கற்றேன். மற்றதெல்லாம் கோவிந்தராஜ் சார்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாள் முழுக்கச் சத்தத்தை விற்கிற மனிதர், கோயிலில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதுபோல்தான் பேசுவார். அவர் சொல்வதைக் கேட்க எல்லோரும் முன்னால் குனிய வேண்டும். குனிந்தவர்கள் அடுத்து அவர் சொன்னதை ஏனோ மறுத்ததில்லை. எம்.டி. வந்தாலும் 'சாமி'தான், டீ கொண்டுவருபவர் வந்தாலும் 'சாமி'தான்.

அவருடைய முதல் சட்டம், இரண்டு செட்டை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே அளவு சத்தத்தில் இருக்க வேண்டும் என்பது. காதுக்குப் புத்தி கிடையாது. எது கொஞ்சம் கூடுதலாகக் கத்துகிறதோ அதையே நல்லது என்று சொல்லிவிடும். மற்ற கடைகளில் விலை கூடின செட்டை ஒரு பிடி ஏற்றி வைத்துப் போட்டுக் காட்டுவார்கள். எங்கள் அறையில் மீட்டர் வைத்து அளந்து, சமம் ஆக்கிய பிறகுதான் ரிமோட்டையே தொட வேண்டும். "சமமா வைக்காமக் கேட்டா அது பரிச்சை இல்ல சாமி, ஏமாத்து."

இரண்டாவது, சின்னச் சத்தத்தில் தொடங்க வேண்டும். பெரிய சத்தத்தில் எல்லாப் பெட்டியும் வீரன்தான். குழந்தை தூங்கும் வீட்டில், சத்தத்தைக் குறைத்து வைத்தால், பேச்சு புரிகிறதா? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பேச்சைச் சோதிக்க அவரிடம் ஒரு தனி ஏற்பாடு இருந்தது. நடுவில் வைக்கிற சென்டர் ஸ்பீக்கரில்தான் படத்தின் பேச்சு முழுவதும் வரும். அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நன்றாகத் தெரிந்த ஒரு குரல் வேண்டும். நடிகர்களின் குரலை நாம் ஸ்பீக்கர் வழியாக மட்டுமே கேட்டிருக்கிறோம், அது எதற்கும் அளவுகோல் ஆகாது என்பார். அதனால் தன் மனைவியின் குரலைப் பதிவு செய்து வைத்திருந்தார். சமையலறையிலிருந்து அந்த அம்மாள் கூப்பிடுவதுபோல் இருக்கும்: "ஏனுங்க! கேஸு தீந்து போச்சுங்க. சொல்லிச் சொல்லி எனக்கே சலிச்சுப் போச்சு. காதுல உழுகுதா இல்லீங்களா?" இதைப் போட்டுவிட்டு கோவிந்தராஜ் சார் கண்ணை மூடி உட்காருவார். தோள் இரண்டும் தானாக ஏறி இறுகினால் ஸ்பீக்கர் தேறிவிட்டது. இறுகாவிட்டால், "இதுல உண்மை இல்ல சாமி, எடுத்து வைங்க" என்பார்.

ஒருநாள் அந்த அம்மாளே கடைக்கு வந்துவிட்டார். டெமோ ரூம் கதவைத் திறந்து பின்னாலிருந்து, "ஏனுங்க, மத்தியானம் சோத்துக்கு வாரீங்களா இல்லீங்களா?" என்றார். சார் திரும்பவே இல்லை. கண்ணை மூடியபடி, "அருமையா இருக்கு சாமி. எந்தக் கம்பெனி?" என்றார். அன்று மத்தியானம் அவருக்குச் சோறு கிடைத்ததா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது, தவழ்வது. ஊஃபர் என்கிற அடிச்சத்தப் பெட்டியை அறையில் எங்கே வைப்பது என்பது பெரிய தலைவலி. ஒரு மூலையில் வைத்தால் குடம் உருட்டுவதுபோல் மொத்துகிறது, நாலடி தள்ளி வைத்தால் அப்படியே அடங்கிவிடுகிறது. இதற்கு ஒரு வழி உண்டு. நாம் உட்காரும் சோபாவின் மேல் ஊஃபரைத் தூக்கி வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, நாம் சுவர் ஓரமாகத் தரையில் தவழ்ந்து போக வேண்டும். எந்த இடத்தில் அடி சீராகக் கேட்கிறதோ அங்கே ஊஃபர், சோபாவில் நாம். விஷயம் இதுதான். ஆனால் செட்டு வாங்க வருகிறவர்கள் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் வருவார்கள். அவர்களைத் தவழச் சொல்ல வேண்டும்.

திருச்செங்கோட்டு ரிக் ஓனர் ஒருவர். வண்டி வண்டியாக ஆழ்துளைக் கிணறு போட்டவர். கம்ப்ரஸர் பக்கத்திலேயே வாழ்ந்த காது அவருடையது. நான் போட்ட எதுவும் அவருக்கு எட்டவில்லை. "ஏம்மா, கரன்ட் இருக்குதா?" என்று மட்டும் கேட்டார். கடைசியில் அவர் வீட்டுக்கே போய், காதால் முடியாது, உள்ளங்கையால் பார்த்துக்கொள்ளலாம் என்று தவழச் சொன்னேன். மறுக்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வோர் இடமாகக் கையைத் தரையில் வைத்துப் பார்த்தபடி போனார். ஜன்னல் வழியாக இதைப் பார்த்த அவருடைய டிரைவர் உள்ளே ஓடிவந்து, "ஐயா, என்னத்தைத் தொலைச்சீங்க? நானுந் தேடறேன்" என்று அவரும் கூடத் தவழ ஆரம்பித்துவிட்டார். ஓனர் ஒரு மூலையில் நின்று, "இங்கதான்டா! தண்ணி இங்க இருக்குது!" என்று கத்தினார். அந்த இடத்தில்தான் ஊஃபரை வைத்தேன். சத்தியமாக அதுதான் சரியான இடம்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

எனக்கு ஒரே பெண், கீர்த்தனா. அவளுக்கு மோகனூர் போகும் வழியில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணைக்காரர் வீட்டில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை பிரவீன் பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்பவர். அம்மா இல்லை. அப்பா அர்த்தநாரி, பெரிய பண்ணையைத் தனியாக நடத்துகிறவர். எனக்கு அதில் பிடித்தது பண்ணை இல்லை, தூரம். எங்கள் வீட்டிலிருந்து தூக்குப்போசியில் குழம்பு எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பினால் சூடு ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். பெண் ஆறரை மணிக்கு வருவதாகச் சொல்லி ஏழு மணிக்கு வந்தாலே வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறவள் நான். அவள் குழம்பு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

நிச்சயம் முடிந்த கொஞ்ச நாளில் பிரவீன் டெமோ ரூமுக்கு வந்தார். அவருக்கு நான் அத்தை.

"அத்தை, ஆபீஸ்ல பெங்களூருக்கே வந்துரச் சொல்றாங்க. கட்டாயம் இல்லீங்க, விருப்பந்தான். எனக்கும் இங்க சினிமா, அது இது எதுவும் இல்லாம ஒரு மாதிரியாத்தான் இருக்குது. மாடியில ஒரு ரூம் சும்மா கெடக்குதுங்க. அதுல ஒரு நல்ல தியேட்டர் மட்டும் இருந்துச்சுன்னா பெங்களூருப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டேன்."

"நெசமாத்தான் சொல்றீங்களா மாப்ள?"

"நெசமாத்தானுங்க. ஆனா அடி நெஞ்சுல எறங்கணும் அத்தை."

அவர் போன மறுநாள் அவருடைய அப்பா வந்தார். கதவைப் பாதி திறந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டி, "ஏனுங்க சம்மந்தி, உள்ள வரலாமுங்களா? செருப்பைக் கழட்டோணுங்களா?" என்று கேட்டார். உட்கார வைத்தேன். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

"பையன் கேக்கறதை எடுத்துக் குடுத்துருங்க. வாங்கறது நாங்க, எதுன்னு சொல்றது நீங்க. அவன் இங்கயே இருந்தாப் போதுமுங்க. அவங்கம்மா போனதுக்கப்புறம் அந்த ஊட்ல பேச்சுச் சத்தமே இல்லீங்க." கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "ஆனா சம்மந்தி, கோழி."

முட்டைக்கோழியைப் பற்றி நாமக்கல்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கூண்டுக் கோழிக்கு அதிர்ச்சி ஆகாது. தீபாவளிக்குப் பண்ணையைச் சுற்றி ஒருவரும் வெடி போட மாட்டார்கள். திடீர்ச் சத்தம் கேட்டால் ஷெட்டு முழுக்கக் கூண்டோடு அடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு தீவனம் எடுக்காது, முட்டை குறையும், இடுகிற முட்டையும் ஓடு இல்லாமல் தோல்முட்டையாக வரும். அந்த ஷெட்டுகளோ பக்கச் சுவர் இல்லாமல் கம்பி வலை மட்டும் அடித்தவை. வீட்டுக்குப் பின்னால் ஒரு தென்னை வரிசை, அதைத் தாண்டினால் ஷெட்டு.

"பையன் நெஞ்சுல எறங்கோணும்ங்கறான். கோழி காதுல ஏறக்கூடாது. இப்படி ஒரு பொட்டி இருக்குதுங்களா?" என்றார் அர்த்தநாரி.

அவருக்குப் பையன் இருக்க வேண்டும். எனக்குப் பெண் இருக்க வேண்டும். அந்த இருட்டு அறையில் நாங்கள் இரண்டு பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசியதைப் பார்த்திருந்தால் யாரும் ஏதோ களவுக்குத் திட்டம் போடுகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கடையிலிருந்து ஊஃபர் ஒன்றை எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனேன். அந்த வீட்டில் செட்டு தேறுகிறதா என்று சொல்ல வேண்டியது கோழிகள். அர்த்தநாரியைப் போனோடு ஷெட்டுக்குள் நிறுத்திவிட்டு, மாடி அறையில் நான் நின்றுகொண்டேன்.

"போட்டாச்சு சம்மந்தி. கோழி என்ன பண்ணுதுங்க?"

"தின்னுதுங்க."

"கொஞ்சம் ஏத்தறேன். இப்பங்க?"

"தின்னுதுங்க."

"முழுசா வச்சுட்டேனுங்க. ஜன்னல் கதவே ஆடுது. இப்ப?"

"தண்ணி குடிக்குதுங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு சுலபமா? கோவிந்தராஜ் சாருக்குப் போன் போட்டுப் பெருமை அடித்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். அப்போதுதான் எங்கோ ஒரு பெரிய இரைச்சல் நின்றது. அது நின்ற பிறகுதான் அதுவரை அது ஓடிக்கொண்டிருந்ததே எனக்குத் தெரிந்தது. ஷெட்டுக்குப் பக்கத்தில் மக்காச்சோளம் அரைக்கிற தீவன மில். ஆட்கள் சாப்பாட்டுக்குப் போக, மில்லை நிறுத்தியிருக்கிறார்கள்.

போனில் அர்த்தநாரி அலறினார். "சம்மந்தி, நிறுத்துங்க, நிறுத்துங்க! தின்னறதை உட்டுப்போட்டு எல்லாம் ஊட்டையே பாக்குதுங்க!"

"எல்லாமேவா?"

"ஒண்ணு பாக்கியில்லீங்க. ஓட்டுக் கேக்க வந்தவனைப் பாக்கற மாதிரி பாக்குதுங்க."

மில் ஓடும்போது மட்டும் படம் பார்க்கச் சொல்ல முடியுமா? வீட்டுக்கு வந்து யோசித்தேன். என் வீட்டுக்காரர் லாரி பாடி கட்டும் பட்டறையில் தகடு தட்டியே பாதிக் காதைத் தொலைத்தவர். அவரைப் பொறுத்தவரை எல்லா ஸ்பீக்கரும் நல்ல ஸ்பீக்கர்தான். அவர் டிவி பார்க்கும்போது சத்தம் பத்தாவிட்டால் டிவி ஸ்டாண்டின் மேல் காலை வைத்துக்கொள்வார். அன்றும் வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. பிரவீன் கேட்டது அடி காதில் விழ வேண்டும் என்று இல்லை, நெஞ்சில் இறங்க வேண்டும் என்று.

சோபாவின் அடிச்சட்டத்தில் திருகி மாட்டுகிற ஒரு சாமான் உண்டு. ஷேக்கர் என்போம். கனமான வட்டு. அது காற்றில் சத்தம் போடாது, சோபாவை மட்டும் அதிர வைக்கும். அதை வரவழைத்தேன். ஊஃபரைச் சின்னதாக, அடக்கமானதாக ஒன்றை எடுத்து, அடியில் தடித்த ரப்பர் கொடுத்து, ஷெட்டுக்கு எதிர்ச் சுவரில் வைத்தேன். கிரானைட் தரையில் ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனத்த திரை. இது இல்லாவிட்டால் எவ்வளவு உசந்த செட்டும் கல்யாண மண்டபத்து மைக் மாதிரிதான் கேட்கும். சத்தம் அளக்கிற மைக்கை சோபாவில் வைத்து மூன்று சீட்டுக்கும் தூரத்தை அளந்து, பின்னால் இரண்டு ஸ்பீக்கரையும் காதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்படி மாட்டினேன். மில் நின்ற நேரமாகப் பார்த்து மறுபடியும் கோழிகளைக் கேட்டோம். தின்றுகொண்டே இருந்தன.

திறப்பு நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அர்த்தநாரி, பிரவீன், கீர்த்தனா, நான், என் வீட்டுக்காரர். ஊஃபரைப் பார்த்ததும் பிரவீன் முகம் வாடியது.

"என்னங்கத்தை, இத்தனூண்டு இருக்குது?"

"உக்காருங்க மாப்ள."

சண்டைக் காட்சி ஒன்றைப் போட்டேன். ஒரு பாலம் வெடித்தது. பிரவீன் சோபாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "அத்தை! முதுகுத்தண்டுக்குள்ள போவுதுங்க!"

அர்த்தநாரி முகம் மலர்ந்து, "நம்ம பழைய புல்லட்டுல மண்ரோட்டுல போற மாதிரியே இருக்குதுங்களே!" என்றார். ஆனாலும் மனசு கேளாமல் எழுந்துபோய், கோழிகளை ஒரு பார்வை பார்க்கத் திரையை விலக்கி ஜன்னலைத் திறந்து வைத்தார். பாலம் மறுபடியும் வெடித்தது. ஷெட்டில் ஒரு முனகல்கூட இல்லை. அர்த்தநாரி என்னைப் பார்த்துக் கைகூப்பினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் பெண் எங்கேயும் போகப் போவதில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி போனது. "வெடிச்சது போதும், இப்ப மென்மையா ஒண்ணு கேளுங்க" என்று, டெமோ ரூமில் எப்போதும் கடைசியாகப் போட்டுக் காட்டுகிற காட்சியைப் போட்டேன். காட்டில் விடியற்காலை. ஓடைத் தண்ணீர் சலசலக்கும். இலை அசையும். பிறகு பின்னால் இடது பக்கத்திலிருந்து ஒரு பருந்து நீளமாகக் கத்திக்கொண்டு தலைக்கு மேலே வலது பக்கம் போகும். அதைக் கேட்டுத் தலையைத் தூக்கிப் பார்க்காத வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை.

கோழிகளும் பார்த்தன.

ஷெட்டிலிருந்து வந்த சத்தத்தை நான் எந்த ஸ்பீக்கரிலும் கேட்டதில்லை. எல்லாக் கூண்டும் ஒரே நேரத்தில் சிறகடித்தது. அர்த்தநாரி சோபாவிலிருந்து துள்ளி எழுந்து, "பிராந்து! பிராந்து!" என்று கத்தினார். பருந்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, "பிராந்தியா? யாரு கொண்டாந்தா?" என்று ஆவலாகக் கேட்டார். நான் சத்தத்தைக் குறைக்கிறேன் என்று பதற்றத்தில் ரிமோட்டில் ஏற்றுகிற பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன். பருந்து இன்னும் பெரிதாகத் திரும்பி வந்தது. கீர்த்தனாதான் எழுந்து போய்ச் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினாள். அப்பனும் மகனும் செருப்புக்கூடப் போடாமல் ஷெட்டுக்கு ஓடியிருந்தார்கள்.

ஆயிரம் வாட்ஸ் அடிச்சத்தத்துக்குப் பயந்து ரப்பர் வைத்தேன், திரை போட்டேன். நாமக்கல்லில் பிறந்து வளர்ந்த எனக்குக் கோழி எதற்குப் பயப்படும் என்பது மட்டும் தோன்றாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு தினம் காலையில் சம்மந்தியிடமிருந்து போன் வரும். "இன்னிக்கும் கொறச்சல்தானுங்க." "இன்னிக்குத் தோல்முட்டை எச்சா வந்துச்சுங்க." திட்டவே மாட்டார், முட்டையை மட்டும் சொல்லுவார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கல்யாணம் நின்றுவிடுமோ, பிரவீன் பெட்டியைக் கட்டிவிடுவாரோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் காலையில் போன் வரவில்லை. நானே கூப்பிட்டேன்.

"முட்டை எப்பவும்போல வந்துருச்சுங்க சம்மந்தி. அதான் கூப்புடலை. செட்டு இருக்கட்டுமுங்க. பிராந்து இல்லாத படமாப் பாத்துக்கலாம்."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. செட்டு இருந்தது, பெண் இருந்தாள். குழம்பு சூடாகவே போய்ச் சேர்ந்தது.

ஆனால் ஒரு படத்தில் பருந்து கத்துமா கத்தாதா என்பது போஸ்டரைப் பார்த்தால் தெரியாது. யாராவது முன்கூட்டியே முழுக்கப் பார்த்துச் சொல்ல வேண்டும். கோழிக்குப் பொறுப்பானவர் என்பதால் அந்த வேலையை அர்த்தநாரி எடுத்துக்கொண்டார். ஜன்னலை அடைத்துவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்து, ஒரு படத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்த்து, "ஆகும்" அல்லது "ஆகாது" என்று மகனிடம் சொல்லுவார். ஆரம்பத்தில் கீர்த்தனா போனில் சிரிப்பாள். "அம்மா, எங்க ஊட்டு சென்சார் போர்டு மாடியில இருக்குது."

கொஞ்ச நாளில் சிரிப்பு குறைந்தது. அர்த்தநாரி மூன்று வேளையும் மாடியில் இருந்தார். காட்டுப் படம் ஆகாது, மலை வருகிற படம் சந்தேகம், சரித்திரப் படத்தில் எப்படியும் வானத்தைக் காட்டுவான். பழைய படங்களில் பருந்துச் சத்தம் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டதால், எல்லாப் பழைய படத்தையும் பார்த்துத் தீர்ப்பது என்று உட்கார்ந்துவிட்டார். முதுகுவலிக்கு ஷேக்கர் நெம்ப நல்லது என்று ஊரெல்லாம் சொன்னார். பக்கத்துப் பண்ணைக்காரர்களும் முதுகைக் காட்ட வந்தார்கள். செய்தி வாசிப்பவர் பேசினால் சோபா அதிராது என்பதால், செய்தி பார்க்கும்போது ஷேக்கரைக் கூட்டி வைக்க முடியுமா என்று என்னிடம் கேட்டார்.

பிரவீனும் கீர்த்தனாவும் கீழே கட்டிலில் உட்கார்ந்து லேப்டாப்பில் படம் பார்த்தார்கள்.

"ஏஞ் சாமி, மாமாகிட்டச் சொல்லிக் கேக்கலாமில்ல?" என்றேன்.

"எப்புடிம்மா கேக்கறது? அவரு சிரிக்கறதை இப்பத்தான் பாக்கறேன்னு இவரு சொல்றாரு."

போன மாதம் பிரவீன் வந்து என் முன்னால் உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை. "தப்பா நெனச்சுக்காதீங்க அத்தை. ஆபீஸ்ல மறுபடி கேட்டாங்க, சரின்னுட்டேன். இனி அப்பா தனியா இருக்காரேன்னு கவலை இல்லீங்க. அவருக்குப் பொழுது போவுது." எவ்வளவு நல்ல செட்டைப் பொருத்திக் கொடுத்துவிட்டேன் என்று அவர் எனக்கு நன்றி வேறு சொன்னார்.

கீர்த்தனா போனதிலிருந்து நான் பெங்களூர் வானிலையைத் தமிழ்நாட்டு வானிலைக்கு முன்னால் பார்க்கிறேன். தூக்குப்போசி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. நித்யா எழுதச் சொன்னபோது இதெல்லாம் எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். நேற்று சம்மந்தியிடமிருந்து போன் வந்தது.

"முட்டை கொறஞ்சுருச்சுங்களா?" என்றேன், பழக்கத்தில்.

"அதெல்லாம் இல்லீங்க. அந்தப் பின்னாடி ஸ்பீக்கரு ரெண்டையுங் கொஞ்சம் பக்கமா மாத்திக் குடுக்கறீங்களா? முன்ன மூணு பேருக்குன்னு வச்சீங்க. இப்ப நான் ஒருத்தன்தானுங்களே உக்காரறேன். நடுச்சீட்டுக்கு மட்டும் சரி பண்ணினாப் போதும்."

இன்று காலையில் மைக்கையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு போனேன். மாடியில் சோபாவின் நடுவில் மட்டும் துணி நைந்து பள்ளம் விழுந்திருந்தது. இரண்டு ஓரமும் வாங்கின அன்று இருந்ததுபோல் புதிதாக இருந்தன. ஸ்டூலைப் போட்டு ஏறி, பின் ஸ்பீக்கர் ஒன்றின் திருகாணியில் கையை வைத்தேன். ஒருவருக்கு மட்டும் என்றால் சுலபமான வேலை, கால் மணி நேரம்கூட ஆகாது.

"சம்மந்தி, மூணு சீட்டுக்கே இருக்கட்டுமுங்க" என்றேன். "பொங்கலுக்கு வந்தாங்கன்னா மறுபடி மாத்தோணும்."

அவர் கீழிருந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தார். "வருவாங்களா?" என்று கேட்டார்.

டேப்பின் முனையை அவர் கையில் கொடுத்து, அந்த ஓரச் சீட்டில் போய் உட்காரச் சொன்னேன்.